பிறந்த குழந்தையின் கண்ணும் பூஞ்சணச் சாறும்

தாயின் வயிற்றில் இருக்கும் வரை குழந்தையின் கண் பாக்டீரியாக்களிடமிருந்து பாதுகாப்பாக இருக்கிறது. பிறப்புப் பாதையைக் கடந்து வெளியே வரும் அந்தச் சில மணி நேரத்தில்தான் அது முதன்முதலாக அவற்றைச் சந்திக்கிறது. அவற்றுள் பெரும்பாலானவை தீங்கற்றவை. ஆனால் தாய்க்கு வெட்டை நோய் இருந்து, அந்நோய்க் கிருமி குழந்தையின் கண்ணில் பட்டுவிட்டால் நிலைமை வேறு. பிறந்த இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் இமைகள் சிவந்து வீங்கும். இமையைத் திறந்தால் மஞ்சள் நிறச் சீழ் வழியும். கார்னியா எனப்படும், கருவிழியை மூடியுள்ள தெளிந்த படலத்தில் புண் உண்டாகி அது துளைபட்டும் போகலாம். மருத்துவம் செய்யாவிடில் ஓரிரு நாட்களிலேயே பார்வை பறிபோகக்கூடும்.

19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் பார்வையற்றோர் பள்ளிகளில் பயின்ற குழந்தைகளில் பெரும் பங்கினர் இந்த ஒரே நோயால் கண் இழந்தவர்கள். உலகத்தைப் பார்க்கத் தொடங்கிய முதல் வாரத்திலேயே அவர்களுக்கு இருள் சூழ்ந்துவிட்டது.

இந்நோயை மனிதன் வென்ற வரலாற்றில் மூன்று துளிகள் இடம் பெறுகின்றன. முதலாவது வெள்ளி உப்பின் துளி. இரண்டாவது கண்ணீர்த் துளி. மூன்றாவது, பூஞ்சணம் வளர்ந்த சாற்றின் துளி. இம்மூன்றாவது துளி 1930ஆம் ஆண்டிலேயே ஒரு குழந்தையின் கண்ணைக் காப்பாற்றியது. ஆனால் அச்செய்தியை உலகம் அரை நூற்றாண்டுக்கும் மேலாக அறியவில்லை. ஏன் அப்படி நேர்ந்தது என்பதைச் சற்று விரிவாகக் காண்போம்.

லைப்சிக் நகரின் வெள்ளித் துளி

ஜெர்மனியின் லைப்சிக் நகரில் மகப்பேறு மருத்துவமனையின் தலைவராக இருந்தவர் கார்ல் கிரெடே (1819-1892). 1870களில் அவருடைய மருத்துவமனையில் பிறந்த குழந்தைகளில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு இக்கண்ணோய் வந்துகொண்டிருந்தது. நோய் தாயிடமிருந்து வருகிறது என்பதை அக்கால மருத்துவர்கள் ஓரளவு அறிந்திருந்தனர். ஆகவே கிரெடே முதலில் தாயின் பிறப்புப் பாதையைக் கிருமிக்கொல்லி நீரால் கழுவிப் பார்த்தார். பயன் குறைவாகவே இருந்தது. பிறகு குழந்தையின் கண்ணையே கவனிக்கத் தொடங்கினார். வெண்காரக் கரைசலைப் பயன்படுத்திப் பார்த்தார். அதன் பின்னரே வெள்ளி நைட்ரேட்டுக்கு வந்தார்.

இதற்கிடையில், 1879இல், ஆல்பர்ட் நெய்சர் என்னும் 24 வயது இளைஞர் பிரெஸ்லாவ் நகரில் வெட்டை நோய்க்குரிய கிருமியைக் கண்டுபிடித்தார். இரண்டு அவரை விதைகளை எதிரெதிரே வைத்தாற்போல இரட்டையாகக் காணப்படும் பாக்டீரியா அது. கோனோகாக்கஸ் என்பது அதன் பெயர். நோயுற்ற பெரியவர்களின் சீழில் மட்டுமல்லாமல், கண்ணோய் கண்ட பச்சிளங் குழந்தைகளின் சீழிலும் அதே கிருமி இருப்பதை நெய்சர் கண்டார். எதிரி யார் என்பது தெரிந்துவிட்டது.

1880இல் கிரெடே தமது மருத்துவமனையில் ஒரு விதியை ஏற்படுத்தினார். பிறக்கும் ஒவ்வொரு குழந்தையின் கண்ணையும், நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும், துடைத்துத் தூய்மைப்படுத்த வேண்டும். பிறகு நூற்றுக்கு 2 பங்கு வெள்ளி நைட்ரேட் கரைந்த நீரில் ஒரு சிறு கண்ணாடிக் கோலை நனைத்து, ஒரே ஒரு துளியைக் கண்ணில் விட வேண்டும். அவ்வளவுதான். நூற்றுக்குப் பத்தாக இருந்த நோய் நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கியது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிரெடே மருந்து விட்டதோடு நிற்கவில்லை, எண்ணிக்கை வைத்தார். எத்தனை குழந்தைகள் பிறந்தன, எத்தனை பேருக்கு நோய் வந்தது, மருந்துக்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்று கணக்கெடுத்து 1881இல் வெளியிட்டார். அக்கணக்கைப் பார்த்த பிற மருத்துவமனைகளும் அவ்வாறே செய்து பார்த்தன. அதே பலனைக் கண்டன. சில ஆண்டுகளுக்குள் அந்த ஒரு துளி ஐரோப்பா முழுவதும் பரவியது. கடல் கடந்து அமெரிக்காவுக்கும் சென்றது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் அது சட்டமாகவே ஆக்கப்பட்டது.

எனினும் வெள்ளித் துளிக்குக் குறைகள் இருந்தன. அது கண்ணை உறுத்திச் சிவக்கச் செய்தது. கரைசல் நீராவியாகிச் செறிவு கூடிவிட்டால் கண்ணுக்கே தீங்காகும். எல்லாவற்றுக்கும் மேலாக, அது வருமுன் காக்கும் மருந்து. நோய் முற்றிச் சீழ் வழியத் தொடங்கிய பிறகு அதனால் பெரும் பயன் இல்லை. அப்படிப்பட்ட குழந்தையின் கண்ணை மணிக்கணக்கில் செவிலியர் நீரால் கழுவிக்கொண்டே இருப்பதுதான் அன்று இருந்த வழி.

கண்ணீரில் இருந்த காவலன்

கண்ணுக்கு இயற்கையே ஒரு காவலை அமைத்திருக்கிறது. அதைக் கண்டறிந்தவர் அலெக்சாண்டர் பிளெமிங். 1921ஆம் ஆண்டு நவம்பரில், லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில், தமக்குச் சளி பிடித்திருந்தபோது மூக்குச் சளியை எடுத்துப் பாக்டீரியா வளரும் தட்டில் இட்டுப் பார்த்தார். சளியைச் சுற்றியிருந்த ஒரு வகை மஞ்சள் நிறப் பாக்டீரியாக்கள் கரைந்து மறைந்தன. பிறகு கண்ணீரில் சோதித்தார். பாக்டீரியாக்கள் நிறைந்த கலங்கிய நீரில் ஒரு துளி கண்ணீரை விட்டதும் அந்நீர் தெளிந்துவிட்டது! எலுமிச்சைத் தோலைக் கண்ணருகே பிழிந்து தமது கண்ணிலிருந்தும் உடன் பணிபுரிந்தோர் கண்ணிலிருந்தும் கண்ணீர் சேகரித்து அவர் சோதனைகளைத் தொடர்ந்தார். கண்ணீரிலும் உமிழ்நீரிலும் தாய்ப்பாலிலும் முட்டை வெண்கருவிலும் உள்ள இந்த நொதிக்கு லைசோசைம் என்று பெயரிட்டு 1922இல் வெளியிட்டார்.

லைசோசைம் எப்படி வேலை செய்கிறது? இங்கு இயற்பியல் நமக்குத் துணைக்கு வருகிறது. பாக்டீரியாவின் உள்ளே இருக்கும் நீர்மம் வெளியே உள்ளதைவிடச் செறிவு மிக்கது. ஆகவே சவ்வூடு பரவல் மூலம் நீர் ஓயாமல் உட்புக முயல்கிறது. செறிவு வேறுபாடு லிட்டருக்கு 0.2 மோல் என்று கொள்வோம். செறிவு, வாயு மாறிலி, தனி வெப்பநிலை ஆகிய மூன்றையும் பெருக்கினால் அழுத்தம் கிடைக்கும். அதாவது 0.2 × 0.082 × 310. விடை ஏறத்தாழ 5 வளிமண்டல அழுத்தம். கார் டயரில் நாம் அடைக்கும் காற்றின் அழுத்தம் சுமார் 2 வளிமண்டலம்தான். சீழ்க்கட்டிகளை உண்டாக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் போன்றவற்றில் உள்ளழுத்தம் 20 வளிமண்டலம் வரை கூட இருக்கும். இவ்வளவு அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டு பாக்டீரியா வெடிக்காமல் இருப்பதற்குக் காரணம், அதைச் சுற்றியுள்ள உறுதியான சுவர். சர்க்கரைச் சங்கிலிகளைப் புரதத் துண்டுகளால் குறுக்கே பிணைத்த வலை போன்றது அது. லைசோசைம் அச்சர்க்கரைச் சங்கிலியைக் கத்தரிக்கிறது. சுவர் நைந்ததும் உள்ளே இருக்கும் அழுத்தமே பாக்டீரியாவை வெடிக்கச் செய்துவிடுகிறது.

1965இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் டேவிட் பிலிப்ஸ், லூயிஸ் ஜான்சன் முதலியோர் எக்ஸ் கதிர்களைக் கொண்டு முட்டை லைசோசைமின் முப்பரிமாண அமைப்பை வரைந்து காட்டினர். அதன் நடுவே ஒரு பிளவு இருக்கிறது. சர்க்கரைச் சங்கிலி அப்பிளவினுள் பொருந்தியவுடன் அறுக்கப்படுகிறது. எந்த ஒரு நொதிக்கும் இவ்வாறு முழு அமைப்பு தெரிந்தது அதுவே முதல் முறை.

இத்தகைய காவலன் இருக்கும்போது பிறந்த குழந்தைக்கு ஏன் கண்ணோய் வருகிறது? இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, பச்சிளங் குழந்தைக்குக் கண்ணீர் குறைவு. பிறந்த சில வாரங்கள் வரை குழந்தை எவ்வளவு அழுதாலும் கன்னத்தில் கண்ணீர் வழியாததைத் தாய்மார்கள் அறிவார்கள். மற்றொன்று, கோனோகாக்கஸ் கிருமிக்குச் சுவருக்கு வெளியே இன்னோர் உறை உண்டு. லைசோசைம் மூலக்கூறு பெரியது; அதன் மூலக்கூறு எடை ஏறத்தாழ 14,300. அந்த உறையைத் தாண்டிச் சுவரை அணுகுவது அதற்கு எளிதன்று. தீங்கற்ற பாக்டீரியாக்களை லைசோசைம் எளிதில் கரைக்கிறது. நோய் தரும் பாக்டீரியாக்களோ பெரும்பாலும் அதற்குத் தப்பித்துக்கொள்கின்றன. நோய் தருவனவாக அவை இருக்க முடிவதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

ஒட்டகக் குட்டியும் சீம்பாலும்

இச்சிக்கல் மனிதக் குழந்தைக்கு மட்டும் உரியதன்று. ஒட்டகக் குட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 13 மாதம் தாயின் வயிற்றில் இருந்து, மணலும் தூசும் ஈயும் நிறைந்த பாலைவனத்தில் அது பிறக்கிறது. அடர்ந்த நீண்ட இமைமயிர்கள் மணலைத் தடுக்குமேயன்றிப் பாக்டீரியாவைத் தடுக்க மாட்டா. மனிதக் குழந்தையாவது தாயின் இரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி வழியாக எதிர்ப்பொருள்களைப் பெற்றுக்கொண்டு பிறக்கிறது. ஒட்டகத்தின் நஞ்சுக்கொடி அமைப்பு வேறு. அது எதிர்ப்பொருள்களைக் கடத்துவதில்லை. மாட்டுக் கன்றுக்கும் இதே நிலைதான். ஆகவே பிறந்த முதல் நாளில் குடிக்கும் சீம்பாலே குட்டியின் முதல் கவசம். சீம்பால் கிடைக்காத குட்டிக்குக் கண்ணில் மட்டுமன்று, உடலெங்கும் நோய் தொற்ற வாய்ப்பு மிகுதி.

ஒட்டகப் பாலிலும் லைசோசைம், இரும்பைப் பற்றிக்கொள்ளும் லாக்டோஃபெரின் என்னும் புரதம் முதலிய கிருமி எதிர்ப்புப் பொருள்கள் இருக்கின்றன. ராஜஸ்தானின் பிகானீரில் 1984இல் நிறுவப்பட்ட ஒட்டக ஆராய்ச்சி மையம் இப்பாலைப் பற்றி ஆராய்ந்து வந்திருக்கிறது. குட்டியின் கண்ணில் சீழ் கண்டால் கால்நடை மருத்துவர்கள் இடுவதோ பெரும்பாலும் டெட்ராசைக்ளின் களிம்பு. பாலில் கிருமி எதிர்ப்புப் பொருள் இருக்கும்போது பாலையே கண்ணில் விட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். நம் நாட்டிலும் குழந்தையின் கண்ணில் தாய்ப்பால் விடும் வழக்கம் உண்டல்லவா? இக்கேள்விக்கான விடை அடுத்து வரும் வரலாற்றில் அடங்கியிருக்கிறது.

பூஞ்சணச் சாறு

லைசோசைமைக் கண்டறிந்த அதே பிளெமிங், 1928 செப்டம்பரில் விடுமுறை கழிந்து ஆய்வகத்துக்குத் திரும்பியபோது, ஸ்டாஃபிலோகாக்கஸ் வளர்ந்த தட்டு ஒன்றில் பூஞ்சணம் விழுந்து வளர்ந்திருப்பதையும், அதைச் சுற்றிப் பாக்டீரியாக்கள் கரைந்திருப்பதையும் கண்டார். ஏழு ஆண்டுகளுக்கு முன் சளியைச் சுற்றி அவர் கண்ட அதே காட்சி! பூஞ்சணத்தை இறைச்சிச் சாற்றில் வளர்த்து வடிகட்டினார். அவ்வடிநீரை அவருடைய ஆய்வகத்தில் பூஞ்சணச் சாறு என்றே அழைத்து வந்தனர். 1929இல் அதற்குப் பெனிசிலின் என்று பெயரிட்டார். அவ்வாண்டில் அவர் வெளியிட்ட கட்டுரையில், இச்சாறு தடுத்து நிறுத்தும் கிருமிகளின் பட்டியலில் கோனோகாக்கஸும் இருந்தது.

பெனிசிலினும் பாக்டீரியாவின் சுவரைத்தான் தாக்குகிறது என்பது பின்னாளில் தெரியவந்தது. லைசோசைம் கட்டிய சுவரை இடிக்கிறது. பெனிசிலின் சுவர் கட்டும் வேலையை நிறுத்துகிறது. வளரும் பாக்டீரியா சுவரின்றி வெடித்துச் சாகிறது. பெனிசிலின் மூலக்கூறு எடை 334 அளவுதான். லைசோசைமில் நாற்பதில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகவே லைசோசைம் நுழைய முடியாத கோனோகாக்கஸின் வெளி உறையில் உள்ள நுண்துளைகளின் வழியே அது உட்புகுந்துவிடுகிறது. மனிதச் செல்லுக்கு இத்தகைய சுவர் இல்லாததால் அதற்குத் தீங்கும் இல்லை.

பிளெமிங்கின் உதவியாளர்கள் கிராடக், ரிட்லி இருவரும் சாற்றிலிருந்து பெனிசிலினைப் பிரித்தெடுக்க முயன்றனர். ரிட்லி கண்ணீரின் லைசோசைமையும் ஆராய்ந்தவர். பெனிசிலின் எளிதில் சிதைந்துபோயிற்று. முயற்சி பாதியில் நின்றது. ஆற்றல் மிக்க பொருள் ஒன்று சாற்றில் இருக்கிறது, ஆனால் அதைக் கையில் பிடிக்க முடியவில்லை என்ற நிலை.

ஷெஃபீல்டு மருத்துவமனையில் நடந்தது

செசில் ஜார்ஜ் பெய்ன் என்னும் இளம் மருத்துவர் செயின்ட் மேரி மருத்துவமனையில் பிளெமிங்கிடம் பயின்றவர். பிறகு இங்கிலாந்தின் இரும்புத் தொழில் நகரமான ஷெஃபீல்டில் ராயல் இன்ஃபர்மரி என்னும் மருத்துவமனையில் நோய்க்குறியியல் பிரிவில் பணியேற்றார். 1929ஆம் ஆண்டுக் கட்டுரையை நினைவில் கொண்டு, பிளெமிங்குக்குக் கடிதம் எழுதி அப்பூஞ்சணத்தைப் பெற்றார். இறைச்சிச் சாற்றில் வளர்த்து வடிகட்டி, நோயாளிகளிடம் பயன்படுத்தத் தொடங்கினார்.

முதலில் தாடி மயிர்க்கால்களில் சீழ்க்கட்டிகள் உண்டாகும் நோய் கண்டவர்களிடம் முயன்றார். பயன் இல்லை. மயிர்க்காலின் அடியில் ஆழமாக ஒளிந்திருக்கும் பாக்டீரியாவை மேலே பூசிய சாறு எட்டவில்லை என்று இன்று நாம் விளக்கம் கூறலாம். அடுத்துக் கண்ணோயின் பக்கம் திரும்பினார். கண்ணின் மேற்பரப்பில் பாக்டீரியாவும் மருந்தும் நேருக்கு நேர் சந்திக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்; நீர்த்த சாறு வெற்றி பெறுவதற்கு அதைவிடத் தகுந்த இடம் உடலில் இல்லை.

1930 நவம்பர் 25. பிறந்த குழந்தைக்கு வரும் இக்கண்ணோய் பெனிசிலினால் குணமானதாக மருத்துவமனைக் குறிப்பேட்டில் பதிவாகியுள்ள நாள் அதுவே. பெனிசிலினால் ஒரு நோயாளி குணமடைந்ததற்கு நமக்குக் கிடைத்துள்ள பதிவுகளில் மிகப் பழையதும் இதுவே. பெய்ன் இவ்வாறு குணப்படுத்தியவர்களில் மூவர் பச்சிளங் குழந்தைகள். வயது வந்த ஒருவரும் உண்டு. அவர் சுரங்கத்தில் பணிபுரிந்தவர். கண்ணில் கல் துண்டு பாய்ந்து, நிமோனியாக் கிருமி தொற்றியிருந்தது. தொற்று இருக்கும் வரை அறுவை மருத்துவம் செய்ய இயலாது. பூஞ்சணச் சாறு தொற்றை நீக்கியது, கல் எடுக்கப்பட்டது, பார்வை பிழைத்தது.

உலகை மாற்றப் போகும் மருந்து ஷெஃபீல்டின் ஒரு கண் நோய்ப் பிரிவில் வேலை செய்து காட்டிவிட்டது. ஆனால் பெய்ன் அதைப் பற்றி ஒரு வரி கூட வெளியிடவில்லை.

ஏன் மறைந்தது?

பெய்ன் மீது குறை கூறுவது எளிது. அவருடைய நிலையையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். பூஞ்சணம் எப்போதும் ஒரே அளவில் மருந்தைத் தரவில்லை. ஒரு வாரம் வளர்த்த சாறு வலுவாக இருக்கும். அடுத்த வாரச் சாற்றில் வலுவே இராது. எந்தச் சாற்றில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று அளக்க அவரிடம் வழி இல்லை. வேதியியல் துணையும் இல்லை. சில நோயாளிகளிடம் வெற்றி, சிலரிடம் தோல்வி. இதைக் கொண்டு கட்டுரை எழுதலாமா என்ற தயக்கம் எந்த இளம் மருத்துவருக்கும் இயல்பே. விரைவில் அவர் ஷெஃபீல்டின் ஜெசாப் மகளிர் மருத்துவமனைக்கு மாறினார். அங்கே மகப்பேற்றுக்குப் பின் தாய்மாரைக் கொல்லும் காய்ச்சல் அவருடைய கவனத்தை ஈர்த்துக்கொண்டது.

ஆயினும் இழப்பு இழப்புத்தான். கிரெடேயின் கண்ணாடிக் கோல் சில ஆண்டுகளில் ஒரு கண்டத்தையே சுற்றி வந்ததற்கு அவர் வெளியிட்ட கணக்கே காரணம். பெய்னின் நான்கு நோயாளிகளைப் பற்றி நான்கு பத்திகள் அச்சாகியிருந்தால், ஓர் வேதியியலாரோ மருந்துத் தொழிலகமோ அதைக் கண்டு பூஞ்சணச் சாற்றை மீண்டும் கையில் எடுத்திருக்கக்கூடும். அவ்வாறு நடந்திருக்கும் என்று உறுதி கூற முடியாது. ஆனால் 1930க்கும் 1940க்கும் இடைப்பட்ட அப்பத்து ஆண்டுகளில் சீழ் வழியும் கண்களோடு எத்தனையோ குழந்தைகள் மருத்துவமனைகளுக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களில் பலருக்குக் கிடைத்தவை கழுவும் நீரும் வெள்ளி உப்புமே.

1980களில் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மில்டன் வெயின்ரைட்டும் ஹெரால்டு ஸ்வானும் பழைய மருத்துவமனைக் குறிப்பேடுகளைத் தேடிப் பிடித்து, 1986இல் இச்செய்தியை மருத்துவ வரலாற்று இதழ் ஒன்றில் வெளியிட்டனர். முதுமையடைந்திருந்த பெய்ன் அப்போது உயிருடன் இருந்தார். 56 ஆண்டுகளுக்குப் பின்பே அவருடைய பணி அச்சேறியது.

ஆக்ஸ்போர்டில் கிடைத்த விடை

இவ்வரலாற்றில் இன்னொரு திருப்பம் உண்டு. 1932 முதல் 1935 வரை ஷெஃபீல்டில் நோய்க்குறியியல் பேராசிரியராக இருந்தவர் ஹோவர்டு புளோரி. பெய்ன் தாம் கண்டதை அவரிடம் கூறியிருக்கிறார். அன்று அது புளோரியின் மனத்தில் பெரிதாகப் பதியவில்லை. 1935இல் அவர் ஆக்ஸ்போர்டு சென்றார்.

அங்கே அவரை ஈர்த்திருந்தது கண்ணீரின் லைசோசைம். 1937இல் ஆக்ஸ்போர்டில் எட்வர்டு ஆபிரகாமும் ராபர்ட் ராபின்சனும் லைசோசைமைத் தூய படிகமாகப் பிரித்தெடுத்தனர். புளோரியின் துணைவரான எர்னஸ்ட் செயின், லைசோசைம் பாக்டீரியாவின் எப்பகுதியை அறுக்கிறது என்று ஆராய்ந்தார். பாக்டீரியாவைக் கரைக்கும் பிற இயற்கைப் பொருள்களைப் பற்றி நூலகத்தில் தேடியபோது, பிளெமிங்கின் 1929ஆம் ஆண்டுக் கட்டுரை செயினின் கண்ணில் பட்டது. ஆக, கண்ணீர்த் துளி வழிகாட்டிப் பூஞ்சணத் துளிக்கு அழைத்துச் சென்றது எனலாம்.

பெய்னிடம் இல்லாத இரண்டு ஆக்ஸ்போர்டில் இருந்தன: பிரித்தெடுக்கும் முறை, அளக்கும் முறை. நார்மன் ஹீட்லி என்னும் உயிர்வேதியியலார் இரண்டையும் அமைத்துக் கொடுத்தார். பாக்டீரியா வளரும் தட்டின் மேல் சிறு குழாய்களை நிறுத்தி, அவற்றில் மருந்தை விட்டு, சுற்றிலும் எவ்வளவு அகலத்துக்குப் பாக்டீரியா வளராமல் தெளிவாக இருக்கிறது என்று அளந்தால் மருந்தின் வலிமை தெரிந்துவிடும். இவ்வளவு எளிய அளவுகோல்தான்! அது வந்த பிறகே இந்தச் சாற்றில் இவ்வளவு பெனிசிலின் என்று எண்ணால் கூற முடிந்தது.

1940 மே 25ஆம் நாள் எட்டு எலிகளுக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி செலுத்தப்பட்டது. நான்குக்கு மட்டும் பெனிசிலின் தரப்பட்டது. மறுநாள் காலையில் அந்த நான்கும் பிழைத்திருந்தன. மற்ற நான்கும் இறந்து கிடந்தன. 1941 பிப்ரவரியில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்னும் காவலருக்கு அம்மருந்து தரப்பட்டது. முகத்தில் பரவிய தொற்றால் ஏற்கெனவே ஒரு கண்ணை இழந்திருந்த அவர் தேறி வந்தார். ஆனால் இருந்த மருந்து முழுவதும் தீர்ந்துவிட, நோய் திரும்பி, மார்ச்சு மாதத்தில் இறந்தார். மருந்து வேலை செய்கிறது, அளவுதான் போதவில்லை என்பது தெளிவாயிற்று. பிறகு அமெரிக்காவில் பெருமளவு உற்பத்தி தொடங்கியது. 1945இல் பிளெமிங், புளோரி, செயின் மூவரும் நோபல் பரிசு பெற்றனர்.

அதே 1945இல் லண்டனில் ஆர்னால்டு சோர்ஸ்பி என்னும் கண் மருத்துவரும் அவருடைய துணைவரும், பச்சிளங் குழந்தைகளின் கண்ணோய்க்குப் பெனிசிலின் சொட்டு மருந்து தந்து கண்ட பலனை வெளியிட்டனர். கண்ணீர் மருந்தைக் கழுவிக்கொண்டு போய்விடும் என்பதால், முதலில் சில நிமிடங்களுக்கு ஒரு முறை சொட்டு விட வேண்டியிருந்தது. பெய்ன் ஷெஃபீல்டில் செய்தது பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் இப்படி மருத்துவ முறையாக நிலைபெற்றது.

இயற்கை மருந்தும் அளவும்

பாக்டீரியா சும்மா இருந்துவிடவில்லை. 1976இல் பெனிசிலினைச் சிதைக்கும் நொதியைத் தாமே செய்துகொள்ளும் கோனோகாக்கஸ் வகைகள் கண்டறியப்பட்டன. இன்று இந்நோய்க்குப் பெனிசிலினை நம்புவதில்லை. செஃப்ட்ரையாக்சோன் ஊசி போடுகின்றனர். அம்மருந்தின் மூதாதையும் ஒரு பூஞ்சணமே. 1945இல் இத்தாலியின் சார்டினியாத் தீவில் சாக்கடை கடலில் கலக்கும் இடத்திலிருந்து ஜுசெப்பே பிரோட்சு எடுத்தது அது. அதிலிருந்து செஃபலோஸ்போரினைப் பிரித்தெடுத்தவர்களில் முதன்மையானவர், முன்பு லைசோசைமைப் படிகமாக்கிய அதே எட்வர்டு ஆபிரகாம். பிறந்த குழந்தையின் கண்ணில் இடும் எரித்ரோமைசின், டெட்ராசைக்ளின் களிம்புகளும் மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் தந்தவை. வருமுன் காக்க இவற்றையும், 1 விழுக்காடு வெள்ளி நைட்ரேட், 2.5 விழுக்காடு போவிடோன் அயோடின் போன்றவற்றையும் உலக நல நிறுவனம் 2016இல் பரிந்துரைத்தது. சில நாடுகள் கர்ப்பிணிகளைப் பரிசோதித்து நோயை முன்பே குணப்படுத்துவதையே முதன்மையாகக் கொண்டுள்ளன.

ஆகவே, இயற்கைப் பொருள்களுக்குக் கிருமியை எதிர்க்கும் ஆற்றல் உண்டா என்ற கேள்விக்கு விடை, ஐயமின்றி உண்டு என்பதே. நாம் பயன்படுத்தும் சிறந்த மருந்துகளில் பல அங்கிருந்து வந்தவை. ஆனால் ஒரு பொருளில் ஆற்றல் இருப்பது வேறு. தேவையான அளவில், தூய்மையாக, ஒவ்வொரு முறையும் தவறாமல் அது கிடைப்பது வேறு. தாய்ப்பாலில் லைசோசைம் இருப்பது உண்மை. அதற்காகச் சீழ் வழியும் கண்ணில் தாய்ப்பாலை விட்டுவிட்டுக் காத்திருந்தால், அதே நேரத்தில் கோனோகாக்கஸ் கார்னியாவைத் துளைத்துவிடும். தேனும் மூலிகைச் சாறும் அவ்வாறே. வீட்டில் பிழிந்த சாற்றில் புதுக் கிருமிகளும் இருக்கலாம். பிறந்த முதல் மாதத்தில் குழந்தையின் கண்ணில் சீழ் கண்டால் அன்றே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

பழைய மருத்துவக் குறிப்புகள் வீணானவை என்று இதற்குப் பொருள் இல்லை. இங்கிலாந்தில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட மருத்துவச் சுவடி ஒன்றில், கண்கட்டிக்கு ஒரு களிம்பு கூறப்பட்டுள்ளது. பூண்டு, வெங்காய இனத் தாவரம் ஒன்று, திராட்சை மது, மாட்டின் பித்தநீர் ஆகியவற்றைக் கலந்து ஒன்பது நாள் வைக்க வேண்டும். 2015இல் நாட்டிங்காம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அக்குறிப்பின்படியே செய்து பார்த்தபோது, மருந்துகளுக்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸை அக்களிம்பு ஆய்வகத்தில் கொன்றது. குழந்தையின் கண்ணுக்கு ஏற்றது என்று அதை யாரும் கூறவில்லை. அதற்கு இன்னும் பல சோதனைகள் தேவை. ஆனால் ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் சோதித்துப் பார்க்க முடிந்ததற்குக் காரணம், பெயர் தெரியாத ஒருவர் பொருள்களையும் நாள் கணக்கையும் எழுதி வைத்ததுதான்.

மாணவர்கள் ஆய்வகத்தில் பதிவேடு எழுதச் சொன்னால் சலித்துக்கொள்வதுண்டு. எதிர்பார்த்த அளவு வராத சோதனையை எழுதாமல் விட்டுவிடுவதும் உண்டு. பெய்னுக்கு எதிர்பார்த்தது வராத சோதனைகளும் இருந்தன, வந்த சோதனைகளும் இருந்தன. இரண்டையும் சேர்த்து எழுதியிருந்தால், சாறு ஏன் ஒரு வாரம் வேலை செய்து மறுவாரம் செய்யவில்லை என்ற கேள்வியையாவது வேறொருவர் எடுத்துக்கொண்டிருப்பார். ஆக்ஸ்போர்டு ஆய்வுக்குழு முதலில் தீர்க்க வேண்டியிருந்ததும் அக்கேள்வியைத்தான்.